ஒரே பிளேயர், ரெண்டு ரூமிலும் சத்தம்

பெங்களூரு அல்சூர் வீட்டு ஹாலில் 5.1 ஹோம் தியேட்டர் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்). உள் ரூமில் அப்பாவின் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். படம் போட்டால் இரண்டிலும் கேட்கணும் என்பார். அதற்கு இன்னொரு பிளேயர் வேண்டாம்.

டிவிடி அல்லது ப்ளூ-ரே பிளேயரின் ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் (டிஜிட்டல்) சாக்கெட்டிலிருந்து ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு ஒரு வயர். சிவப்பு-வெள்ளை (அனலாக்) சாக்கெட்டிலிருந்து ஸ்டீரியோவுக்கு இன்னொன்று. பெரும்பாலான பிளேயர்களில் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஆடியோ செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்டை 'பிட்ஸ்ட்ரீம்' (டிஸ்கில் உள்ள சுருக்கிய ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) என்று வையுங்கள். 'பிசிஎம்' (பிளேயரே விரித்து அனுப்பும் ஒலி) என்றிருந்தால் ஆப்டிகல் வழியே இரண்டு சேனல்தான் போகும். பின்னால் உள்ள ஸ்பீக்கர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்.

நான் சறுக்கிய இடம் வேறு. எங்கள் பிளேயரில் 5.1-க்கான ஆறு அனலாக் சாக்கெட் தனி, ஸ்டீரியோ ஜோடி தனி. அவசரத்தில் ஆறில் உள்ள 'ஃப்ரன்ட்' ஜோடியில் செருகிவிட்டேன். பாட்டு, சண்டை எல்லாம் கேட்கிறது, வசனம் மட்டும் காணோம்! "என்னடா, ஊமைப் படமா?" என்றார் அப்பா. 5.1-இல் வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கும். எல்லாவற்றையும் இரண்டாகக் கலந்து தருவது அந்தத் தனி ஜோடி. வயரை அதற்கு மாற்றியதும் படத்தில் ஆள் பேச ஆரம்பித்தார்.

பழைய டிவிடி பிளேயர் சிலவற்றில் டிடிஎஸ் டிராக் (டால்பி போல இன்னொரு சரவுண்ட் ஒலி வகை) போட்டால் அனலாக்கில் சத்தமே வராது. டிஸ்க் மெனுவில் டால்பிக்கு மாறுங்கள்.

சிவப்பு-வெள்ளையே இல்லாத புது ப்ளூ-ரே பிளேயரா? எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் (எச்டிஎம்ஐ வயரில் வரும் சத்தத்தைத் தனியே பிரித்துத் தரும் பெட்டி) கேளுங்கள். டால்பியை டிகோட் செய்யுமா (விரித்துத் தருமா) என்று கேட்டே வாங்குங்கள். மலிவானவை பலவற்றில் ஸ்டீரியோ பிசிஎம் வந்தால்தான் அனலாக் வாய் திறக்கும்.