எஸ்ஏ-2வை சிம்ல சேர்க்கப் போறீங்களா? நான் பண்ணின தப்பைப் பண்ணாதீங்க

எஸ்ஏ-2ங்கிறது வியட்நாம் போர்ல அமெரிக்க விமானங்களை அடிச்ச சோவியத் தரை-வான் மிஸைல் (சோவியத் பேரு எஸ்-75, ஆரம்ப மாடல் டிவினா), சிம்னா விமானம் ஓட்டுற கம்ப்யூட்டர் கேம். போன வாரம் ஒரு தம்பி ஜிப் ஃபைல் அனுப்பினான், "அண்ணே எஸ்ஏ-2 ரெடி, ஒரு தடவ பறந்து பாத்துட்டு சொல்லுங்க"ன்னு. சரின்னு எஃப்-105 போர் விமானத்தை எடுத்துட்டு ஹனோய் பக்கம் போனேன். மிஸைல் கிளம்புச்சு, நான் வலது பக்கம் திரும்பினேன், அதுவும் திரும்புச்சு. மலைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சா கந்துவட்டிக்காரன் மாதிரி மலையைச் சுத்திக்கிட்டு வந்து அடிக்குது. அப்பவே புரிஞ்சுபோச்சு, தம்பி என்ன பண்ணியிருக்கான்னு. ஏன்னா எட்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் அதேதான் பண்ணேன்.

டெக்ஸ்சர் வரல, மாடல் பாதி மண்ணுக்குள்ள இருக்கு, இந்த மாதிரி விஷயமெல்லாம் இங்க பேசப் போறதில்ல. அதெல்லாம் கண்ணுக்கே தெரியும், லாக் ஃபைலைத் திறந்தா அதுவே சொல்லிடும். எந்த எரரும் காட்டாம, எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே இருந்து கழுத்தறுக்கிற தப்புகள்தான் மேட்டர்.

மிஸைலுக்குக் கண்ணு வைக்கிறது

இது எப்படி நடக்கும்னா, சிம்ல ஏற்கெனவே தானே இலக்கைத் தேடிப் போற ஏதாவது ஒரு ரேடார் மிஸைல் இருக்கும், அதோட டேட்டா ஃபைலைக் காப்பி அடிச்சு, 3டி மாடலை மாத்தி, வேகம், ரேஞ்சு, வார்ஹெட் எல்லாம் புத்தகத்தைப் பாத்து டைப் பண்ணிட்டா அரை மணி நேரத்துல எஸ்ஏ-2 பறக்கும். பாக்கவும் அம்சமா இருக்கும். ஆனா அந்த டெம்ப்ளேட்டோட சீக்கரும், அதாவது இலக்கைத் தேடுற கண்ணும், கூடவே வந்துடுது பாருங்க, அங்கதான் வெச்சான் ஆப்பு.

எஸ்-75 மிஸைலுக்குக் கண்ணே கிடையாது. மூக்குல இலக்கைத் தேடுற ரேடார் எதுவும் இல்ல. கிட்ட வந்தா வெடிக்கிறதுக்கு ஒரு ரேடியோ ஃப்யூஸ் இருக்கு, அவ்ளோதான். மூளை மொத்தமும் கீழ ஃபேன் சாங் ரேடார் வேன்ல இருக்கு. அது இலக்கையும் பாக்கும், மிஸைலையும் பாக்கும், கணக்குப் போட்டு மேல போ, கீழ போ, இடது, வலதுன்னு ரேடியோவுல கட்டளை அனுப்பும். ஊர்த் திருவிழாவுல உறியடி பாத்திருப்பீங்கல்ல, கண்ணைக் கட்டிட்டு ஒருத்தன் குச்சியோட நிப்பான், கூட்டம் கத்தும், அதைக் கேட்டு அவன் வீசுவான். அந்தக் குச்சிக்காரன்தான் மிஸைல். கத்துறவன் வாயைப் பொத்திட்டா அவன் காத்துலதான் வீசணும்.

இது ஏதோ சின்ன டெக்னிக்கல் விஷயம்னு நெனச்சுடாதீங்க, வியட்நாம்ல நடந்த மொத்த ஆட்டமும் இதுல இருந்துதான் வருது. ரேடாரை வேட்டையாடுற வைல்ட் வீஸல் விமானம், ரேடார் அலையைப் புடிச்சுக்கிட்டே வர்ற ஷ்ரைக் மிஸைலை விட்டுச்சுன்னா கீழ இருக்கிற குரூப்புக்கு சில வினாடிதான் டைம். ரேடாரை ஆன்லயே வெச்சா மிஸைலை இலக்கு வரைக்கும் கொண்டு போகலாம், ஆனா ஷ்ரைக் வந்து தலையில விழும். ஆஃப் பண்ணா ஷ்ரைக்கும் வழி தவறும், இவங்க விட்ட மிஸைலும் அநாதையாப் போயிடும். இந்தப் பதட்டத்தைத்தானே நாம சிம்ல கொண்டு வரணும்? மிஸைலுக்கு சீக்கர் வெச்ச அடுத்த நிமிஷமே இது மொத்தமும் செத்துடுது.

நான் பண்ணினதைச் சொல்றேன். 14 மிஷன் கேம்பெய்ன், முழுக்க முழுக்க சைட் (மிஸைல் தளம்) வேட்டை. டெஸ்ட் பண்ண ஒரு ஃப்ரெண்டுகிட்ட குடுத்தேன். ராத்திரி ஃபோன் பண்றான், "டேய், ரேடார் வேனையே ஒடச்சுட்டேன், தீப்புடிச்சு எரியுது, இன்னும் என்னைத் துரத்துதுடா." நான் லேக்டான்னு சமாளிச்சேன், உன் கம்ப்யூட்டர் பழசுன்னேன். அப்புறம் ரீப்ளேயை ஸ்லோல ஓட்டிப் பாத்தா, வேன் எரிஞ்சு ஒன்பது வினாடி கழிச்சு மிஸைல் மூக்கைத் திருப்பி அவன் பின்னாடி போகுது. மானம் போச்சு.

டேட்டா ஃபைல்ல அந்த ஒரு சீக்கர் லைனை மாத்தறது சுலபம். ஆனா 14 மிஷனும் அந்தப் பொய் மிஸைலை வெச்சு பேலன்ஸ் பண்ணது, எத்தனை சைட், எத்தனை ஷ்ரைக், எந்த உயரத்துல வேபாயின்ட், எல்லாமே. மூணு மாசம் சனி ஞாயிறு அதுலயே போச்சு. இன்னிக்கு நெனச்சாலும் எரிச்சலா வருது, ஏன்னா நான் போட்ட நம்பர் ஒண்ணுகூட தப்பில்ல. வார்ஹெட் 195 கிலோ, நீளம் 10 மீட்டருக்கு மேல, எல்லாம் கரெக்ட். மிஸைல் மட்டும் வேற மிஸைல்.

இன்னொரு விஷயமும் இதோட சேர்ந்து கெடும். நிஜ எஸ்ஏ-2வை பைலட்டுங்க எப்படித் தப்பிச்சாங்க? டெலிபோன் கம்பம் பறந்து வர்ற மாதிரி இருக்கும்னு சொல்வாங்க, அதைக் கண்ணால பாத்து, மூக்கைக் கீழ தள்ளி டைவ் அடிச்சு, மிஸைலும் கூடவே கீழ இறங்குற வரைக்கும் பொறுத்திருந்து, கடைசி நேரத்துல வெடுக்குன்னு மேல இழுப்பாங்க. சீக்கிரம் இழுத்தா அது திருத்திக்கும், லேட்டா இழுத்தா கதை முடிஞ்சுது. அந்த வேகத்துல அவ்ளோ பெரிய உடம்பால திரும்ப முடியாது. அதுவும் த்ரீ-பாயின்ட் முறையில மிஸைல் எப்பவும் ரேடாருக்கும் இலக்குக்கும் நடுவுல இருக்கிற கோட்டுலயே வரணும், அதனால குறுக்க போற இலக்குன்னா கடைசியிலதான் ரொம்ப வளையணும். காப்பி அடிச்ச டெம்ப்ளேட் முன்கூட்டியே கணக்குப் போட்டு குறுக்கு வழியில வரும். அதுக்கு முன்னாடி இந்த டைவ் வித்தை எடுபடாது.

சிம்ல கமாண்ட் கைடன்ஸ்னு டைப் இருந்தா அதைப் போட்டு ரேடார் வேனோட கட்டிடுங்க. இல்லையா, செமி-ஆக்டிவ் (வேற ரேடார் அடிக்கிற அலை இலக்குல பட்டுத் திரும்புறதைப் பாத்துப் போற டைப்) போட்டு, வெளிச்சம் அடிக்கிறது தரையில இருக்கிற ஃபேன் சாங்தான்னு கட்டிவிட்டு, எவ்ளோ வெடுக்குன்னு திரும்பலாம்ங்கிற ஜி-யைக் குறைங்க. இதுவும் பொய்தான், ஆனா ரேடார் செத்தா மிஸைலும் சாகும். எனக்கு அது போதும்.

ஆறு லாஞ்சர் இருக்குன்னு ஆறையும் ஒரே நேரத்துல விடுறது

ஃபேன் சாங் ஒரு நேரத்துல ஒரே இலக்கைத்தான் பாக்கும், அதுக்கு மூணு மிஸைல் வரைக்கும் வழிகாட்டும். விடுறதும் சுமார் ஆறு வினாடி இடைவெளியில. சிவகாசி வாணவேடிக்கை மாதிரி ஒரே நேரத்துல ஆறும் கிளம்புச்சுன்னா ஃபைலை மூடிட்டு முதல்லேருந்து ஆரம்பிங்க.

மேக்ஸ் ரேஞ்சை மட்டும் டைப் பண்றது

எல்லாரும் 30 கிலோமீட்டரைப் போடுவாங்க, மினிமத்தை ஜீரோன்னு விட்டுடுவாங்க. முதல் நாலஞ்சு வினாடி பூஸ்டர் எரியும்போது மிஸைல் சும்மா நேராப் போகும், அது கழண்டு விழுந்தப்புறம்தான் ரேடார் அதைப் புடிச்சு கோட்டுக்குக் கொண்டு வரும். அதனாலதான் 7, 8 கிலோமீட்டருக்கு உள்ள ஆரம்ப கால மிஸைலால ஒண்ணும் பண்ண முடியாது. உயரமும் அப்படித்தான், ஆரம்ப டிவினாவுக்கு சுமார் 3 கிலோமீட்டருக்குக் கீழ வேலை இல்ல. அது யு-2 உளவு விமானம், பி-52 குண்டுவீச்சு விமானம் மாதிரி உயரத்துல போறதை அடிக்கப் பொறந்தது. 1960 மே 1 அன்னிக்கு அமெரிக்க பைலட் பவர்ஸோட யு-2 விழுந்ததும் அந்த உயரத்துலதான், அதே களேபரத்துல சோவியத்தோட சொந்த மிக்-19 போர் விமானம் ஒண்ணும் விழுந்துச்சுங்கிறது வேற கதை.

சைட்டைச் சுத்தி பீரங்கி வைக்காம விடுறது

மிஸைலுக்கு பயந்து எல்லாரும் கீழ இறங்குவாங்க, கீழ 37 எம்எம், 57 எம்எம் காத்துக்கிட்டு இருக்கும். வியட்நாம்ல மிஸைலைவிட பீரங்கிக்குப் பலியான விமானம்தான் அதிகம். பீரங்கி இல்லாத எஸ்ஏ-2 சைட், வேலி மட்டும் போட்டு பயிர் வைக்காத வயல்.

புகை

பூஸ்டருக்கு மட்டும் கெட்டியா வைங்க. அடுத்தது லிக்விட் மோட்டார்.

வருஷம்

கொரியாவுல எஸ்ஏ-2 கிடையாது. சண்டை நின்னது 1953, டிவினா சர்வீஸுக்கு வந்தது 1957. வியட்நாம்ல அமெரிக்க விமானம் முதல்ல எஸ்ஏ-2வால விழுந்தது 1965 ஜூலை 24, ஒரு எஃப்-4சி.

இதெல்லாம் தம்பிகிட்ட சொன்னேன். ஒரு அஞ்சு நிமிஷம் பதிலே இல்ல. அப்புறம் "அண்ணே, அப்போ எஸ்ஏ-6க்கு சீக்கர் வைக்கலாமா?"ன்னு கேட்டான். வைடா, அதுக்குக் கண்ணு உண்டு, ஆனா 1973 அரபு-இஸ்ரேல் போர் மிஷன்ல வை, அதுக்கு முன்னாடி அது சண்டைக்கு வரலன்னேன். 1967க்கு ஏற்கெனவே வெச்சுட்டானாம்.