சளிப்பூஞ்சை ஸ்போரில் செல்லுலோஸ்: எங்கெல்லாம் தப்பு விடுகிறோம்?

முதல் தவறு பெயரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. சளிப்பூஞ்சை என்றதும் பூஞ்சைதானே, அப்படியானால் செல்சுவரில் கைட்டின்தானே என்று எழுதிவிடுகிறார்கள். இது பூஞ்சையே இல்லை, அமீபா வகையறா. கென்னத் ரேப்பர் 1930களில் வட கரோலினா காட்டு இலைச்சருகிலிருந்து பிரித்தெடுத்த டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியத்தையே எடுத்துக்கொள்வோம். பாக்டீரியாவைத் தின்றுகொண்டு தனித்தனியாகத் திரியும்வரை அதற்குச் செல்சுவரே கிடையாது. இரை தீர்ந்ததும்தான் ஒரு லட்சம் அமீபாக்கள் வரைகூட ஒன்றுகூடி, சுமார் 24 மணி நேரத்தில் மெல்லிய காம்பும் உச்சியில் ஸ்போர் (விதைபோல் உறங்கும், உறை கொண்ட செல்) உருண்டையுமாக எழுந்து நிற்கின்றன. ஒன்றுகூடிய பிறகுதான், தாவரச் செல்சுவரில் இருக்கிற அதே செல்லுலோஸுக்கு இங்கே வேலை வருகிறது.

சரி, அப்படியானால் எல்லாச் சளிப்பூஞ்சைக்கும் செல்லுலோஸ் ஸ்போர் என்று எழுதலாமா? கூடாது. மஞ்சளாகப் படர்கிற ஃபைசேரம் பாலிசெஃபாலமும் அதே பெயரில்தான் அழைக்கப்படுகிறது, ஆனால் அதன் ஸ்போர் சுவரில் இருப்பது கேலக்டோசமீன் பாலிமர், அதாவது வேறொரு சர்க்கரை வகையின் சங்கிலி. எந்த இனம் என்று சொல்லாமல் எழுதினால் பாதி வாக்கியம் பொய்யாகிவிடும்.

அடுத்த தவறு, ஸ்போர் உறை முழுவதையும் செல்லுலோஸ் என்று நினைப்பது. டிக்டியோஸ்டீலிய உறையில் செல்லுலோஸ் நடுவில் இருக்கிறது, இரு பக்கமும் புரதம் மிகுந்த அடுக்குகள். எஸ்பி85 என்ற புரதம் செல்லுலோஸை வெளிப்புரதங்களோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது, அது இல்லாத ஸ்போர்களில் உறைக்குள் பொருள்கள் எளிதாகப் புகுந்துவிடுகின்றன. ஆக, செல்லுலோஸ் இருந்தால் மட்டும் போதாது, அது மற்ற அடுக்குகளோடு பிணைந்தும் இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்த உறை உருவாகும் வரிசைதான், பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். உறைக்கான புரதங்கள் கடைசி நேரத்தில் தயாராவதில்லை; ஸ்போராகப் போகிற செல்கள் அவற்றை முன்கூட்டியே செய்து சிறுசிறு பைகளில் கட்டி வைத்திருக்கின்றன, காம்பு எழும் நேரத்தில் அந்தப் பைகள் ஒரே மூச்சில் வெளியே கொட்டுகின்றன, அதன் பிறகுதான் செல் சவ்வில் செல்லுலோஸ் இழையத் தொடங்குகிறது.

அப்புறம், செல்லுலோஸ் காம்புக்கு மட்டும்தான் அவசியம், ஸ்போருக்கு அது கூடுதல் பாதுகாப்பு என்று ஒரு எண்ணம். பிளாண்டன், லூமிஸ் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடிப் பதில். செல்லுலோஸை உண்டாக்கும் நொதிக்கான டிசிஎஸ்ஏ (dcsA) மரபணு சிதைந்த செல்களால் செல்லுலோஸ் செய்யவே முடியவில்லை. அவை ஒன்றுகூடின, வளர்ச்சி காம்பு தொடங்கும்வரை ஒழுங்காகவே போனது; காம்பு எழ வேண்டிய நேரத்தில் அமைப்பு அப்படியே தன்மேலேயே சரிந்தது, மறுபடி எழ முயன்றது. கடைசியில் காம்புச் செல்லும் இல்லை, ஸ்போரும் இல்லை, எல்லாச் செல்களும் உடைந்து அழிந்தன. இதிலிருந்து ‘மரபணு இருந்தால் செல்லுலோஸ் வந்துவிடும்’ என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு: இரை தின்று பெருகும் அமீபாக்களில் அந்த மரபணுவின் புரதத்தை உண்டாக்கிப் பார்த்தபோதும், ஒன்றுகூடிக் காம்பாகும் வளர்ச்சி தொடங்கிக் குறைந்தது 10 மணி நேரம் ஆகும்வரை செல்லுலோஸ் வரவில்லை.

ஆய்வகத்தில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கால்கோஃப்ளோர் சாயமிட்டுப் புறஊதா ஒளியில் பார்த்தால் காம்பு நீலமாக ஒளிரும், உள்ளே காம்புச் செல்கள் சிறுசிறு பெட்டிகளை அடுக்கியதுபோலத் தெரியும். அழகுதான், ஆனால் அந்தச் சாயம் கைட்டினிலும் ஒட்டும். ஒளிர்வதை மட்டும் வைத்துச் செல்லுலோஸ் என்று எழுதாமல், செல்லுலோஸைச் சிதைக்கும் செல்லுலேஸ் நொதியைப் போட்டு ஒளி மங்குகிறதா என்றும் பாருங்கள்.

உறை ஒருமுறை கட்டினால் நிரந்தரம் என்றும் எண்ண வேண்டாம். நிலைமை சரியானதும் ஸ்போர் வீங்குகிறது, முளைக்கும் கட்டத்தில் செல்லுலேஸும் உருவாகிறது, உறை பிளந்து ஒரே ஒரு அமீபா நழுவி வெளியேறுகிறது. வெற்று உறை அங்கேயே கிடக்கும்.