காய்ச்சலோடு எழுதிய பரீட்சை: மதிப்பெண் சலுகை கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் ஒவ்வொரு பரீட்சை சீசனிலும், புதிதாகப் பொறுப்பேற்ற தேர்வு ஒருங்கிணைப்பாளர்களும் முதல் பிள்ளையைப் பத்தாவது எழுத அனுப்பும் பெற்றோரும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். படிவத்தில் பெயர், எண் தப்பாவதைப் பள்ளி அலுவலகமே திருத்திவிடும். அதை விட்டுவிடலாம்.

எல்லா போர்டும் ஒன்றுதான் என்று நினைப்பது

பத்தாம் வகுப்பு நிலையிலான ஐஜிசிஎஸ்இ தேர்வை நடத்தும் கேம்பிரிட்ஜ் போர்டில், எதிர்பாராத நோய், விபத்து, குடும்பத்தில் சாவு போன்றவற்றுக்குத் தேர்வு முடிந்தபின் மதிப்பெண் கூட்ட வழி உண்டு. 'ஸ்பெஷல் கன்சிடரேஷன்' என்பது அதுதான். சிபிஎஸ்இயில் காய்ச்சலோடு எழுதியதற்காக மதிப்பெண் கூட்டுவதில்லை. அங்கே கிடைப்பவை வேறு: கை முறிந்தால் எழுதித்தர ஆள் (அசிஸ்டென்ட் சர்ஜன் நிலைக்குக் குறையாத மருத்துவரின் சான்று வேண்டும்), மாற்றுத்திறனாளி மாணவருக்கு மூன்று மணி நேரத் தாளில் ஒரு மணி நேரம் கூடுதல், நீண்ட நோயால் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தளர்வு. கர்நாடக எஸ்எஸ்எல்சியில் 2024 முதல் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வு நடக்கிறது, தவறவிட்டதை அடுத்ததில் எழுதலாம்.

'ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம்'

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. கேம்பிரிட்ஜின் மார்ச் மாதத் தாளை வாந்தியோடு எழுதிய பையனுக்கு மே மாதம் ரிசல்ட் வருகிறது. எதிர்பார்த்ததைவிட ஒரு கிரேடு கீழே. அப்போதுதான் வீட்டார் மருத்துவச் சான்றோடு ஓடி வருகிறார்கள். அதற்குள் கதவு மூடி வெகு நாளாகியிருக்கும்: அந்தப் பாடத்தின் கடைசித் தாள் முடிந்து ஏழு நாளுக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அதையும் பெற்றோர் நேரடியாக அனுப்ப முடியாது, பள்ளிதான் அனுப்ப வேண்டும்.

சான்றும் பெரும்பாலும் உதவாது. "காய்ச்சல், மூன்று நாள் ஓய்வு தேவை" என்ற வரி லீவுக்குப் போதும், இதற்குப் போதாது. எந்தத் தேதி, என்ன உபாதை, எழுதும்போது அது எப்படிப் பாதித்திருக்கும் என்பது வேண்டும். "12ஆம் தேதி காலை 102 டிகிரி காய்ச்சல், தொடர்ந்து வாந்தி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதுவது கடினம்" என்று அன்றைக்கே பார்த்த மருத்துவர் எழுதித் தந்தால் அது சான்று. பத்து நாள் கழித்து வாங்கும் தாளில், அன்று தான் பார்க்காத ஒன்றை எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது.

பிள்ளை ஹாலில் வாந்தி எடுத்தாலோ பாதியில் வெளியே போய் வந்தாலோ, மேற்பார்வையாளர் நேரத்தோடு குறித்து வைத்தாரா என்று அன்று மாலையே பள்ளியில் கேளுங்கள். அந்தக் குறிப்புதான் பள்ளி அனுப்பும் விண்ணப்பத்துக்குப் பலம்.

இவ்வளவும் எதற்கு? கூடக்கூடியது அதிகபட்சம் அந்தத் தாளின் மொத்த மதிப்பெண்ணில் 5 சதவீதம். 80 மதிப்பெண் தாளுக்கு நான்கு. நெருங்கிய உறவினர் இறந்த சமயம் போன்ற கடுமையான நிலைக்கே அந்த உச்சம், சாதாரண உடல்நலக் குறைவுக்கு அதைவிடக் குறைவுதான். ஆனால் கிரேடு எல்லையில் ஒன்றோ இரண்டோ குறைந்து நிற்கிற பிள்ளைக்கு அதுவே ஏ-வுக்கும் பி-க்கும் உள்ள இடைவெளி.

முன்பே தெரிந்த சிரமத்தைத் தேர்வுக்குப் பிறகு சொல்வது

டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு), நீரிழிவு, நாள்பட்ட ஆஸ்துமா ஆகியவற்றுக்கான உதவி தேர்வுக்கு முன்பே கேட்க வேண்டியது. கேம்பிரிட்ஜில் இரண்டு மணி நேரத் தாளுக்கு 25 சதவீதம் கூடுதல் நேரம் கிடைத்தால் முப்பது நிமிடம், அது எந்தச் சலுகை மதிப்பெண்ணையும்விடப் பெரிது. கற்றல் குறைபாட்டு மதிப்பீட்டுக்கு பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை போன்ற இடங்களில் காத்திருக்க வேண்டியிருக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

டிராபிக், டியூஷன் நின்றது, பாடம் முடியாதது

காரணமாக ஏற்கப்படாது.

ஒரு தாளோடு பாடத்தையே விட்டுவிடுவது

அம்மை போட்டு முதல் தாளுக்குப் போகவில்லை என்றால், 'போனது போச்சு' என்று இரண்டாம் தாளையும் விடாதீர்கள். தக்க காரணத்தால் ஒரு தாள் தவறினால், எழுதிய மற்ற தாள்களை வைத்து கேம்பிரிட்ஜ் மதிப்பெண் கணக்கிடக்கூடும். அதற்கு அந்தப் பாடத்தின் தேர்வில் ஒரு குறைந்தபட்சப் பங்காவது எழுதியிருக்க வேண்டும். பாடம் முழுதும் வராதவருக்குக் கணக்கிட எதுவும் இல்லை. வராத அன்று காலையிலேயே பள்ளிக்குப் போன் செய்து, எந்தத் தாள்கள் மீதமிருக்கின்றன, அவற்றை எழுத மருத்துவர் எப்போது அனுமதிப்பார் என்பதைப் பேசி முடிவு செய்யுங்கள்.