கல்வெட்டை ஒளிப்படம் எடுக்கும் முறை: எகிப்தைப் படமெடுத்தவர்களிடமிருந்து

திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டை வாசலின் இரட்டைக் கயல்களையும் சிதைந்த தமிழ் வரிகளையும் கைபேசியில் எடுக்கும் பலருக்கு எழுத்துத் தெரியாத சாம்பல் நிறக் கல்தான் கிடைக்கிறது. குறை கருவியில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. 1839இல் ஒளிப்படக்கலையை அறிமுகப்படுத்திய பிரெஞ்சு அறிஞர் அராகோ, எகிப்தியக் கோயில்களின் எண்ணற்ற சித்திர எழுத்துகளைப் படியெடுக்க இனி ஒருவரே போதும் என்றார். அவ்வழி சென்றவர்களின் முறைகள் நமக்கும் உதவும்.

முதலில் கோட்டையிலுள்ள இராணுவத்தினரிடம் அனுமதி கேளுங்கள். கல்லில் எண்ணெயோ சுண்ணக்கட்டியோ பூச வேண்டாம்; எகிப்தின் கல்லறைச் சுவர்களில் ஈரத்தாள் ஒற்றி அச்செடுத்தவர்கள் அங்கிருந்த வண்ணத்தையே உரித்துவிட்டார்கள்.

அடுத்தது வெளிச்சம். நேர்முகமாக வெயில் விழும்போது கயல்கள் கல்லோடு கல்லாகிவிடும். ஒளி பக்கவாட்டில் சாய்ந்து வரும்போதோ செதுக்கிய விளிம்பு ஒவ்வொன்றும் மெல்லிய நிழல் விழுத்தி, செதில் வரையில் எழுந்து நிற்கும். எனவே காலையும் மாலையும் போய்ப் பார்த்து, ஏற்ற வேளையைக் குறித்துக்கொள்ளுங்கள். சாய்வொளி கிடைக்காவிட்டால் துட்டன்காமன் கல்லறையைப் படமெடுத்த ஹாரி பர்ட்டனைப் பின்பற்றலாம்: கண்ணாடிகளாலும் வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளாலும் வெயிலைக் கல்லறைகளுக்குள் திருப்பி, படம் பதியும் நேரமெல்லாம் பலகையை மெதுவாக அசைத்து ஒளியைச் சமமாகப் பரப்பியவர் அவர். சமையலறை அலுமினியத் தாளை அட்டையில் ஒட்டி, உடன் வருபவரைக் கல்லுக்குப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். வலம், இடம், மேல், கீழ் என நான்கு திசை ஒளியிலும் எடுங்கள். ஒன்றில் மறையும் கோடு மற்றொன்றில் தெரியும்.

கைபேசியை முக்காலியில் பொருத்தி, கல்லுக்கு நேராக நிறுத்தி, நேரங்குறித்துத் தானே எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

அளவு தெரிய, கல்லைத் தொடாமல் பக்கத்தில் ஓர் அடிமட்டம் வையுங்கள். 1849இல் எகிப்துக்குப் படமெடுக்கப் போன பிரெஞ்சு எழுத்தாளர் மக்சிம் டூ காம், பேருருவங்களின் உயரம் புரியப் படகோட்டி ஹாஜி இஸ்மாயிலை அவற்றின்மீது அமர்த்தினார். அசைந்தால் படம் குலைந்துவிடும் என்பதால், கருவியின் பித்தளைக் குழாய் ஒரு பீரங்கி என்று சொல்லி அவரை மிரட்டினாராம். அந்த ஏழை மனிதரின் அச்சத்தை நினைத்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. நமக்கு அடிமட்டமே போதும்.

எழுத்தை மட்டும் நெருக்கி எடுத்துத் திரும்பிவிடாதீர்கள். அஸ்வான் அணைக்காக அபு சிம்பெல் கோயில்கள் 1960களில் இடம் மாற்றப்பட்டன. அவற்றின் பழைய நிலையை இன்று, 1850களில் ஆங்கில ஒளிப்படக்காரர் பிரான்சிஸ் ஃபிரித் எடுத்தவை போன்ற பழைய படங்களில்தான் காண முடிகிறது. நம் கோட்டைக் கல்லும் வேறிடத்திலிருந்து வந்து வாசலில் பதிக்கப்பட்டதாகவே கருதப்படுகிறது. எனவே வாசல் முழுவதும் தெரியும் படம் ஒன்றையும் எடுத்து, நாள், நேரம், ஒளி வந்த திசை ஆகியவற்றை அன்றைக்கே எழுதி, திருத்தாத மூலப்படத்துடன் சேர்த்து வையுங்கள்.