ஸல்கோ: ஏறுகிறேனா, வெளியேறுகிறேனா?

ஸ்பானிஷில் ‘ஸல்கோ’ என்றால் வெளியே போகிறேன். இத்தாலியனில் அதே ‘ஸல்கோ’ ஏறுகிறேன். எழுத்திலும் வேறுபாடு இல்லை. ஒன்றைக் கற்றுவிட்டு மற்றொன்றுக்குப் போகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

இரண்டுக்கும் தாய் லத்தீனின் ‘ஸலீரே’, அதாவது குதித்தல். குதிப்பவர் மேலே எழும்புவார். நின்ற இடத்தை விட்டு வெளியேயும் வருவார். மேலெழுவதை இத்தாலியன் பிடித்துக்கொண்டது. வெளிவருவதை ஸ்பானிஷின் ‘ஸலிர்’ எடுத்துக்கொண்டது, போர்ச்சுகீஸின் ‘ஸயீர்’ என்பதும் அப்படியே. ருமேனியனில் ‘ஸரி’ இன்றும் குதிப்பதுதான். ஒலி மாறியிருக்கிறதே என்று இந்த உறவைச் சந்தேகிக்க வேண்டாம். உயிரொலிகளுக்கு நடுவே வரும் லத்தீன் லகரம் போர்ச்சுகீஸில் உதிரும், ருமேனியனில் ரகரமாகும்.

ஒலி ஒத்திருப்பதை நம்புவதுதான் பெரிய ஆபத்து. பிரெஞ்சில் ‘ஸலீர்’ என்றால் அழுக்காக்குதல். அழுக்கைக் குறிக்கும் ‘ஸால்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. அந்த ‘ஸால்’ ஃபிராங்க் மக்களின் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தது, லத்தீனுக்குப் பிள்ளையே அல்ல. வெளியே போவதற்குப் பிரெஞ்சில் ‘ஸோர்த்தீர்’.

பெயர்ச்சொற்களிலும் இதே குழப்பம். ஸ்பெயின் ரயில் நிலையத்தில் ‘ஸலீதா’ வெளியேறும் வழி. இத்தாலியில் ‘ஸலீத்தா’ மேட்டுப்பாதை. அங்கே வாசலுக்கு ‘உஷீத்தா’ என்ற பலகையைத் தேட வேண்டும்.

சரி, ஏறுவதற்கு ஸ்பானிஷில் உள்ள ‘ஸுபீர்’ என்பதையே இத்தாலியனிலும் சொல்லிவிடலாமே என்றால், அது அடுத்த பள்ளம். இத்தாலியன் ‘ஸுபீரே’ என்றால் ஒரு கேட்டுக்கு ஆளாவது, தாங்கிக்கொள்வது. பிரெஞ்சு ‘ஸுபீர்’ என்பதும் அதே பக்கம். ஒன்றன் கீழே போவதையும் கீழிருந்து மேலே வருவதையும் லத்தீன் ஒரே சொல்லால் சொன்னதன் விளைவு இது.

இத்தாலியனில் இறந்தகாலம் தனித் தலைவலி. ரயிலில் ஏறினேன் என்றால் ‘ஸோனோ ஸலீத்தோ’, துணைவினை ‘எஸ்ஸெரே’. படிகளை நேரடிச் செயப்படுபொருளாக வைத்தால் ‘ஓ ஸலீத்தோ லே ஸ்காலே’, துணைவினை ‘அவேரே’. ஸ்பானிஷில் எப்போதும் ‘அபேர்’ ஒன்றே. அந்தப் பழக்கத்தில் ரயிலுக்கும் ‘ஓ ஸலீத்தோ’ என்று சொல்லிவிடுவார்கள்.

இத்தாலியன் ‘ஸாலே’ ஏறுகிறார் என்றும் பொருள்படும், உப்பு என்றும் பொருள்படும். ஸ்பானிஷ் ‘ஸல்’ வெளியே போ, உப்பு இரண்டும்தான். இந்த உப்புக்கும் குதிப்புக்கும் உறவு கிடையாது.