பிஇ ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும்? ஆர் மென்பொருளில் கணக்குப் போடும் முறை

புதிய ஜெனரிக் மாத்திரையை ரெஃபரன்ஸ் (அசல்) மருந்தோடு ஒப்பிட்டு, இரண்டும் ரத்தத்தில் ஒரே மாதிரி சேர்கின்றனவா என்று பார்க்கும் பயோஈக்விவலன்ஸ் (பிஇ) ஆய்வில், எத்தனை தன்னார்வலர்களைச் சேர்ப்பது என்பது ஆய்வு தொடங்கும் முன்பே முடிவாக வேண்டிய விஷயம். ஆள் குறைந்தால் நல்ல மாத்திரையும் தேறாமல் போகலாம். கூடினால் தேவையில்லாமல் பலருக்கு மருந்து கொடுத்து ரத்தம் எடுத்ததாகிவிடும். கணக்கை மென்பொருள் நொடியில் போட்டுவிடும்; நாம் கொடுக்கும் இரண்டு எண்களில்தான் வேலையே இருக்கிறது.

தேர்ச்சி விதி தெரிந்திருக்கும்: சிமேக்ஸ் (ரத்தத்தில் மருந்து தொடும் உச்ச அளவு), ஏயூசி (ரத்தத்தில் சேரும் மொத்த மருந்து) இரண்டிலும் டெஸ்ட்–ரெஃபரன்ஸ் (புதிய மாத்திரைக்கும் அசலுக்குமான) விகிதத்தின் 90% நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை விகிதம் இருக்கக்கூடிய வீச்சு, 80 முதல் 125 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். இங்கே நாம் எடுத்துக்கொள்வது வழக்கமான இரண்டு கால கிராஸ்ஓவர் ஆய்வு: ஒவ்வொருவரும் இரண்டு மாத்திரையையும் வெவ்வேறு காலத்தில் எடுப்பார்கள். பாதிப் பேருக்கு டெஸ்ட் முதலில், மீதிப் பேருக்கு ரெஃபரன்ஸ் முதலில்; இவைதான் இரண்டு வரிசைகள்.

படி 1: பவர்டோஸ்ட்டை நிறுவுங்கள்

ஆர் இலவசம். அதைத் திறந்து, இந்தக் கணக்குக்கான பவர்டோஸ்ட் பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, லைப்ரரி கட்டளையால் அழைத்துக்கொள்ளுங்கள். பெயரில் முதல் எழுத்தும் கடைசி நான்கும் கேபிட்டல். ஆர் இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது.

படி 2: சிவியைக் கண்டுபிடியுங்கள்

முதல் எண் இது. ஒரே ஆளுக்குள் ஒரு தடவைக்கும் இன்னொரு தடவைக்கும் ரத்தத்தில் மருந்தின் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லும் மாறுபாட்டுக் கெழு. பழைய ஆய்வறிக்கைகளில் பல நேரம் இது நேரடியாக இருக்காது. நம்பிக்கை இடைவெளி மட்டும் இருக்கும். அதுவே போதும். 24 பேரை வைத்துச் செய்த ஆய்வில் சிமேக்ஸின் இடைவெளி 88 முதல் 112 வரை என்று வைத்துக்கொள்வோம். இப்படிக் கேளுங்கள் (தட்டும்போது ஆங்கில எழுத்தில்):

சிஐ2சிவி(லோயர்=0.88, அப்பர்=1.12, என்=24)

விடை சுமார் 0.247. நான் 0.25 என்று ஏற்றிக்கொள்வேன். சிமேக்ஸ், ஏயூசி இரண்டுக்கும் தனித்தனியாகப் பார்த்து, எதன் சிவி பெரிதோ அதை எடுங்கள். பெரும்பாலும் அது சிமேக்ஸாகத்தான் இருக்கும். ஒன்று கவனம்: சதவீதமாக 25 என்று கொடுத்தால் மென்பொருள் அதை 2500 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும்.

படி 3: கணக்கை ஓட்டுங்கள்

சாம்பிள்என்.டோஸ்ட்(சிவி=0.25, தீட்டா0=0.95, டார்கெட்பவர்=0.80)

இதில் சிவி, டோஸ்ட், சாம்பிளை ஒட்டிய என் ஆகியவை கேபிட்டல், மற்றதெல்லாம் சிறிய எழுத்து. விடை 28 பேர், கிடைக்கும் பவர் 0.807439. பவர் என்றால், நம் ஊகங்கள் சரியாக இருந்தால் ஆய்வு தேறும் வாய்ப்பு. இந்த 28 மொத்த எண்ணிக்கை, அதாவது வரிசைக்கு 14 பேர். ஒரு வரிசைக்கே 28 என்று நினைத்து இரட்டிப்பாக்கிவிடாதீர்கள்.

படி 4: விடையை நம்பும் முன் ஆட்டிப் பாருங்கள்

புதியவர்கள் தாண்டிப் போகும் இடம் இதுதான். தீட்டா0 என்பது இரண்டு மாத்திரைகளுக்கும் உண்மையில் இருக்கும் விகிதம் பற்றிய நம் ஊகம். இதுதான் இரண்டாவது எண். எதுவும் கொடுக்காவிட்டால் பேக்கேஜ் தானாக 0.95 என்று வைத்துக்கொள்ளும். அதை 1 ஆக்குங்கள்: 24 பேர் போதும் என்கிறது. 0.90 ஆக்குங்கள்: 56! ஐந்து சதவீதம் சறுக்கியதற்கு ஆள் இரட்டிப்பு. சிவி 0.25க்குப் பதில் 0.30 ஆனால் 40 பேர். சிவியைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள்கூட தீட்டா0வை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட இதுதான் கவலை. ‘நம் மாத்திரை அச்சு அசல் அதேதான்’ என்று 1 போடுபவர்களை நான் நம்புவதில்லை. மாத்திரை உண்மையில் 0.95இல் இருந்தால், அந்த 24 பேரோடு கிடைக்கும் பவர் 0.74தான். நான்கில் ஒரு ஆய்வு தோற்கும் என்று தெரிந்தே இறங்குவதற்குச் சமம்.

பவரை 0.90 ஆக உயர்த்த விரும்பினால் 28 என்பது 38 ஆகும். பட்ஜெட் இடம் கொடுத்தால் செய்யலாம்.

படி 5: பாதியில் விலகுவோருக்கு இடம் விடுங்கள்

வாந்தி, காய்ச்சல், இரண்டாவது காலத்துக்கு வராமல் போவது என்று சிலர் விடுபடுவார்கள். 15 சதவீதம் பேர் விலகலாம் என்றால் 28ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும், 1.15ஆல் பெருக்கக் கூடாது. 32.9 வரும். இரண்டு வரிசைக்கும் சமமாகப் பிரிக்க வேண்டுமே, அதனால் 34.

புரோட்டோகாலில் வெறும் 34 என்று எழுதினால் எதிக்ஸ் கமிட்டி கேள்வி கேட்கும். சிவி எந்த ஆய்விலிருந்து வந்தது, தீட்டா0 ஏன் 0.95, விலகல் விகிதம் எவ்வளவு, பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சிவி 0.30ஐத் தாண்டும் மருந்து என்றால் இந்தக் கட்டளையோடு நின்றுவிட வேண்டாம். ரெப்ளிகேட் டிசைனும் (ஒரே மாத்திரையை ஒருவருக்கே ஒரு தடவைக்கு மேல் கொடுக்கும் முறை) அதற்கான வேறு கட்டளைகளும் இதே பேக்கேஜில் இருக்கின்றன.