‘அனைவருக்கும் ஒரே பாடத்திட்டம்’: அரசு கருத்துக் கேட்டால் எழுதுவது எப்படி

நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் ஒரே பாடத்திட்டத்தைப் படிக்க வேண்டுமா என்ற கேள்வி, கல்விக் கொள்கை வரைவு ஒன்று வெளியாகும்போதும் நீட் முடிவுகள் வரும்போதும் தவறாமல் எழுகிறது. வரைவுகளின் மீது பொதுமக்களின் கருத்தை அரசு கேட்பதும், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் ஆசிரியர் சங்கங்களிலும் அதுபற்றி விவாதம் நடப்பதும் வழக்கமே. ஆனால் வந்து சேரும் கருத்துகளில் பெரும்பகுதி ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டவே வேண்டாம்’ என்பதோடு நின்றுவிடுகிறது. அவற்றை எண்ணலாமே தவிர, அவற்றைக் கொண்டு வரைவில் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. திருத்தத்துக்குப் பயன்படும் கருத்தை எழுத விரும்பும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரியவை இக்குறிப்புகள்.

முதலில், எது ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். பள்ளிக் கல்வியில் நான்கு அடுக்குகள் உள்ளன: கல்வியின் நோக்கங்களை வகுக்கும் கலைத்திட்டச் சட்டகம், எந்த வகுப்பில் எதைக் கற்பிப்பது என்று வரையறுக்கும் பாடத்திட்டம், பிள்ளையின் கைக்கு வரும் பாடநூல், இறுதியில் நடக்கும் பொதுத்தேர்வு. இவற்றுள் முதலாவது அடுக்கில் தேசிய அளவிலான ஆவணம் நமக்கு ஏற்கெனவே உண்டு. 1975, 1988, 2000, 2005 ஆகிய ஆண்டுகளிலும், பள்ளிக் கல்விக்கென 2023இலும் தேசியக் கலைத்திட்டச் சட்டகங்கள் வெளிவந்துள்ளன. ஆகவே விவாதம் உண்மையில் மற்ற மூன்று அடுக்குகளைப் பற்றியது. எந்த அடுக்கு என்று குறிப்பிடாமல் எழுதப்படும் ஆதரவும் எதிர்ப்பும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

அடுத்து, மாநிலப் பாடநூல் ஒன்றையும், தேசிய அளவில் பாடநூல் தயாரிக்கும் மத்திய அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் பாடநூல் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதால் இந்த வேலையைத் தவிர்க்கச் சாக்கு ஏதும் இல்லை. பத்தாம் வகுப்புக் கணிதத்தை எடுத்துக்கொண்டால், இருபடிச் சமன்பாடுகளும் கூட்டுத் தொடர்வரிசையும் இரண்டிலும் இருக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் பெருக்குத் தொடர்வரிசையும் அணிகளும் அதே வகுப்பில் வந்துவிடுகின்றன, என்.சி.இ.ஆர்.டி. வரிசையில் முன்னது மேல்நிலை முதலாண்டுக்கும் பின்னது பன்னிரண்டாம் வகுப்புக்கும் தள்ளிப்போகிறது. மாநிலப் பாடத்திட்டம் என்றாலே எளிதானது என்று பேசுபவர்கள் இந்த ஓர் ஒப்பீட்டையாவது செய்து பார்க்கலாம். கணிதத்தில் உள்ள வேறுபாடு பெரும்பாலும் வரிசையையும் வேகத்தையும் பற்றியதே. அதை ஒழுங்குபடுத்தினால் யாருக்கும் இழப்பு இல்லை.

சமூக அறிவியலுக்கு வந்தால் நிலைமை வேறு. தமிழ்நாட்டின் ஆறாம் வகுப்பு நூலில், சிந்துவெளிக்கு அடுத்ததாகப் புகார், மதுரை, காஞ்சி ஆகிய பண்டைய நகரங்களுக்கென ஒரு முழுப் பாடம் இருக்கிறது. நாடு முழுமைக்கும் எழுதப்படும் ஒரு நூலில், அதே நியாயப்படி ஒவ்வொரு மாநிலத்தின் பழைய நகரங்களுக்கும் ஒரு பாடம் ஒதுக்கினால் பிள்ளை சுமக்க முடியாது. ஒதுக்காவிட்டால் தன் ஊரைப் பற்றிப் பாடநூலில் ஒரு பத்தியோடு திருப்தியடைய வேண்டியிருக்கும். எனவே எழுதும்போது பாடவாரியாகப் பிரித்து எழுதுங்கள். கணிதத்திலும் அறிவியலிலும் வகுப்புவாரியான குறைந்தபட்சத் திறன்கள் நாடெங்கும் ஒன்றாக இருக்கலாம், வரலாறும் புவியியலும் இலக்கியமும் மாநிலத்தின் கையில் இருக்கட்டும் என்பது என் கருத்து. நீங்கள் வேறு கோடு போடலாம். கோடு எங்கே என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

சட்டநிலையை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976இல் நிறைவேறிய 42ஆவது அரசமைப்புத் திருத்தம் அதை, மத்திய அரசும் மாநில அரசும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, தொடக்கக் கல்விக்கான கலைத்திட்டத்தை உரிய அரசு குறிப்பிடும் கல்வி அமைப்பு வகுக்க வேண்டும் என்கிறது. ஒரே அமைப்பின் கையில் அனைத்தையும் ஒப்படைக்கக் கோருபவர், இவற்றில் எதை மாற்றச் சொல்கிறார் என்பதையும் எழுத வேண்டும்.

‘ஒரே பாடத்திட்டம் வந்தால் ஏற்றத்தாழ்வு ஒழியும்’ என்ற வாதத்தை ஆதரிக்கவோ மறுக்கவோ எண்ணினால், தமிழ்நாட்டின் சமச்சீர் கல்வி அனுபவத்தை விட்டுவிட்டு எழுதாதீர்கள். மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகப் பிரிந்து கிடந்த பாடத்திட்டங்களை ஒன்றாக்கும் முயற்சி, 2006இல் முனைவர் முத்துக்குமரன் தலைமையில் அமைக்கப்பட்ட குழுவிலிருந்து தொடங்கி 2010இல் சட்டமாயிற்று. அந்த ஆண்டு ஒன்றாம், ஆறாம் வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வந்தன. 2011இல் ஆட்சி மாறியதும் மற்ற வகுப்புகளுக்கான நடைமுறையை ஒத்திவைக்கத் திருத்தச் சட்டம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றமும் சமச்சீர் பாடத்திட்டத்தைப் பத்து நாட்களுக்குள் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. பள்ளி திறந்து பல வாரங்கள் ஆகியும் பிள்ளைகள் பாடநூல் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஆண்டு அது.

அதன் விளைவை இரு பக்கமும் பார்த்து எழுத வேண்டும். கிராமத்து அரசுப் பள்ளி மாணவியும் நகரத்து மெட்ரிக் பள்ளி மாணவனும் ஒரே வினாத்தாளை எழுதும் நிலை வந்தது சிறிய மாற்றம் அல்ல. அதே வேளையில், தனியார் பள்ளிகளை நடத்தியவர்களில் பலர் சி.பி.எஸ்.இ. இணைப்பை நாடிச் சென்றனர். ‘வேறு பாடத்திட்டம்’ என்பதையே விலைபொருளாக்கிய சந்தை, ஒரு கதவு மூடியதும் அடுத்த கதவுக்குப் போயிற்று. நாடு முழுவதற்கும் ஒன்று என்றாகிவிட்டால் அந்தச் சந்தை பன்னாட்டுப் பாடத்திட்டங்களை நோக்கி நகரும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. கட்டணமும் ஆசிரியர் பற்றாக்குறையும் அப்படியே இருக்க, நூலை மட்டும் ஒன்றாக்கினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதே இங்கு எழுத வேண்டிய கேள்வி. 1964-66இல் பணியாற்றிய கோத்தாரி கல்வி ஆணையம், எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பொதுப்பள்ளி முறையையும், வீட்டுக்கு அருகிலேயே படிக்கும் அருகமைப் பள்ளியையும் வலியுறுத்தியதை இங்கே நினைவூட்டுவது பொருந்தும்.

தேர்வைப் பற்றித் தனியாக ஒரு பத்தி அவசியம் எழுதுங்கள், ஏனெனில் வகுப்பறையில் எது நடக்கிறது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அதுதான். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே சேர்க்கைக்குக் கணக்கில் வந்த காலத்தில், தமிழ்நாட்டின் பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடங்களை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே நடத்தின. பாடத்திட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்; படித்தது ஒன்றல்ல. 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு இது முக்கியக் காரணம். அதே 2017இல் தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் கட்டாயமானபோது, மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் என்.சி.இ.ஆர்.டி. நூல்களை ஒட்டிய வினாக்களைச் சந்திக்க நேர்ந்தது; அடுத்த கல்வியாண்டிலேயே மாநிலம் தன் நூல்களைப் புதுப்பிக்கத் தொடங்கியது. தேசியத் தேர்வு ஒன்றை வைத்துவிட்டால், எந்தச் சட்டமும் இயற்றாமலே பாடத்திட்டம் அந்தப் பக்கம் சாயும். ஆகவே உங்கள் கருத்தில், எந்தப் பாடத்திட்டத்தில் படித்தாரோ அதைக் கொண்டே மாணவர் மதிப்பிடப்பட வேண்டுமா என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

மாநிலம் விட்டு மாநிலம் இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு தடைபடக் கூடாது என்ற வாதமே ஒரே பாடத்திட்டத்துக்கு ஆதரவான வாதங்களில் வலுவானதாகத் தோன்றும். இதில் யாருடைய பிள்ளை என்று கேளுங்கள். மாறுதலாகும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்காகத்தான் கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் 1963 முதல் இயங்குகின்றன. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கோ செங்கல் சூளைக்கோ ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் தொழிலாளியின் பிள்ளை சந்திக்கும் முதல் தடை பாடத்திட்டம் அன்று, மொழி; வகுப்பில் ஆசிரியர் சொல்வது புரியாத பிள்ளைக்குப் பாடத்தின் வரிசை ஒன்றாக இருந்து ஆகப்போவது என்ன?

வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைக் குறைவாகவே பயன்படுத்துங்கள். பின்லாந்தில் தேசிய அளவில் அடிப்படைக் கலைத்திட்டம் உண்டு, விவரங்களை உள்ளாட்சிகளும் பள்ளிகளும் நிரப்புகின்றன. கனடாவில் மத்தியக் கல்வி அமைச்சகமே இல்லை, மாகாணங்களே வகுக்கின்றன. 1988இல் சட்டமியற்றித் தேசியக் கலைத்திட்டம் கொண்டுவந்த இங்கிலாந்து, பின்னாளில், அரசு நிதியில் இயங்கினாலும் உள்ளாட்சியின் கட்டுப்பாட்டில் இல்லாத அகாடமி பள்ளிகளுக்கு விலக்கு அளித்தது. எந்தப் பக்கத்துக்கும் ஒரு நாடு கிடைக்கும்.

அதைவிட நம் நாட்டில் நடந்ததே பயனுள்ள சான்று. என்.சி.இ.ஆர்.டி. தன் நூல்களைக் குறைத்தபோது பத்தாம் வகுப்பு அறிவியலில் தனிம வரிசை அட்டவணையும் பரிணாமமும் விடுபட்டன. மேல்நிலை நூல்களில் நீக்கப்பட்ட பகுதிகளுக்காகக் கேரளம் 2023இல் துணைப் பாடநூல்களை வெளியிட்டது. மாநிலத்துக்கென ஒரு கல்வி அமைப்பு இருந்ததால் அது முடிந்தது. ஒற்றைப் பாடநூலைக் கேட்பவர், அந்த நூலில் பிழை நேர்ந்தால் திருத்தும் வழி என்ன என்பதையும் தம் கருத்தில் சேர்க்க வேண்டும்.

எழுதி முடித்ததும் இரண்டு பக்கங்களுக்குள் சுருக்குங்கள். வகுப்பு, பாடம், பாடத்தின் தலைப்பு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். வரைவின் எந்தப் பத்தியைப் பற்றிப் பேசுகிறீர்களோ அதன் எண்ணைத் தொடக்கத்திலேயே தாருங்கள். அந்தப் பத்திக்கு மாற்றாக நீங்கள் விரும்பும் வாசகத்தை முழுமையாக எழுதிச் சேருங்கள். கடைசி நாளுக்கு முன்பே அனுப்பிவிட்டு, ஒரு படியை அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.